எழுபத்து மூன்றாம் கேள்வி

டவுன் ஆர்ச் பக்கம் ஏறியதுமே ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. அதுதான் தணிகாசலத்துக்குக் கெட்ட நேரம். நின்றுகொண்டு போயிருந்தால் கம்பியைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா, பக்கத்து ஆளின் முழங்கைக்குத் தப்புவதா என்று ஏதாவது ஒரு ஜோலி இருந்திருக்கும். உட்கார்ந்துவிட்டால் நினைப்பதைத் தவிர மனுஷனுக்கு என்ன வேலை? மடியில் துணிப்பை. பைக்குள் கோடு போடாத வெள்ளைத்தாள் பத்து, கறுப்புப் பேனா இரண்டு, பெருவிரல் உருட்ட ஒரு மைப்பெட்டி. உலகம்மாளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான், மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலுக்குள் பாளையங்கோட்டை, ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்து இதே பஸ்ஸில் திரும்பிவிடலாம். நேற்று போனில் பேசிய அவள் குரல் காதை விட்டு இறங்கவே இல்லை. "அண்ணாச்சி, பரீட்சையில ஒரே ஒரு கேள்வியில போயிருக்கு. விடைத்தாள் திருத்துத மிஷின்லதான் என்னமோ கோளாறு. நான் சொன்னது நூத்தி நாப்பத்தொண்ணு சரி. அவங்க நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்காங்க. நூத்தி நாப்பத்தொண்ணு வரைக்கும் எடுத்திருக்காங்க அண்ணாச்சி. நீங்க வாங்க, ஒரு மனு எழுதிப் போடுவோம்." வருகிறேன் என்றான். வேறு என்ன சொல்வான்? போனை வைத்த பிறகும் கை கொஞ்ச நேரம் போன் மேலேயே கிடந்தது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இதோ பையை அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது, பாளை மார்க்கெட்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறது, சில்லறை சரியாகக் கொடுத்ததற்குக் கண்டக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனார்.

வெளியே வானம் மூடிக் கிடந்தது. குற்றாலத்துப் பக்கம் சாரல் என்றால் இங்கே வெறும் காற்று, மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்று, மழை மட்டும் வராது. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, காற்று இன்னும் பழகவில்லை. அதற்கு முன்னால் வாலாஜாவில் ஓர் அச்சகத்தில் பதினாலு வருஷம் பிழை திருத்தினான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டுமலர், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. யார் எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவான். எழுத்தை மட்டுமா திருத்தினான், ஊர்ப்பெயரைத் திருத்தினான், முகூர்த்த நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துத் திருத்தினான், தலைமையாசிரியர் எழுதிய வாழ்த்துரையில் ஒரு பத்தியையே தூக்கி எறிந்திருக்கிறான். ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. வந்தவர்களும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அப்புறம் அச்சகத்தை மூடினார்கள், அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தாள், முப்பத்தெட்டு வயசில் ஒண்டிக்கட்டையாக நின்றபோது ஒரு பத்திரிகையில் கட்டம் கட்டிய அறிவிப்பைப் பார்த்தான்: பார்வையற்றோருக்கு வாசிக்கவும் எழுதவும் ஆள் தேவை, ஓராண்டு சேவை, திருநெல்வேலி, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. சேவைக்குப் போகிறேன் என்று சித்தப்பா வீட்டில் சொன்னபோது குரலில் ஒரு மிதப்பு இருந்தது. பெரிய தியாகி! போக்கிடம் இல்லாமல் வந்தவன் என்று சொல்லியிருந்தால் வாய் சுட்டிருக்குமா? டவுனில் இஸ்திரிக் கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்தார்கள். கீழே கடைக்காரர் முதல் நாளே கேட்டார், "தன்னார்வத் தொண்டர்னா, எந்தக் கட்சி?" கட்சி இல்லை அண்ணாச்சி, சும்மா ஒரு சேவை என்றான். "சும்மா யாராவது செய்வாங்களா?" என்று அவர் சட்டைக் காலரை அழுத்தினார்.

சேவை நிலையத்தை நடத்துகிற ஞானதிரவியம் சார் நல்ல மனுஷர், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முதல் வாரப் பயிற்சியில் ஏழெட்டுப் பேரை உட்காரவைத்துச் சொன்னார்: "எழுதப் போற எடத்துல நீங்க கை மட்டும்தான். மூளைய வாசல்ல செருப்போட கழட்டி விட்டுட்டுப் போங்க. அவங்க தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். அவங்க தப்பு அவங்களுக்குச் சொந்தம். அதத் திருத்த உங்களுக்கு என்ன பாத்தியத இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரித்தது மட்டுமல்ல, அதை நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டான். அந்த நோட்டு இப்போதும் தலைமாட்டில்தான் இருக்கிறது. வேலை முறையும் சொல்லிக் கொடுத்தார். கேள்வியை வாசி, நாலு விடையையும் வாசி, அவர்கள் எழுத்தைச் சொன்னதும் அதே எழுத்தை வாயால் திருப்பிச் சொல், சொல்லிக்கொண்டே வட்டத்தைக் கறுப்பாக்கு. பிறகுதான் அடுத்த கேள்வி. கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்கு அந்தத் திருப்பிச் சொல்லும் சத்தம்தான் சாட்சி. அது எவ்வளவு சின்னச் சாட்சி, எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் சாட்சி என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஜங்ஷன் பக்கம் பஸ் நின்றது. யாரோ ஒரு பெண் மடியில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூவாசம் தலைக்கு ஏறியது. தேர்வறையிலும் இப்படித்தான் பூவாசம் இருந்தது. உலகம்மாள் அன்றைக்குத் தலை நிறையப் பூ வைத்திருந்தாள், அண்ணன் மனைவியான மதினி வைத்துவிட்டது, பரீட்சைக்கு நல்லது என்று.

மொத்தம் இருநூறு கேள்வி. தனி அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கண்காணிக்க வந்த வாத்தியாருக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்த வேப்பமரத்தைத் தவிர வேறொன்றிலும் நாட்டமில்லை. உலகம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, முகத்தைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துக் கேட்டாள். விடை சொல்வாள், அவன் திருப்பிச் சொல்லி நிரப்புவான், அவள் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அடுத்தது என்று அர்த்தம். கேள்வி, விடை, தட்டு. கேள்வி, விடை, தட்டு. அறுபது கேள்விக்கு மேல் போனபோது அவனுக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது, அடேயப்பா என்ன ஞாபகம் இந்தப் பெண்ணுக்கு, ஒன்றைக்கூடத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. இவள் ஜெயித்துவிடுவாள். இவள் ஜெயித்தால் நானும் எதையோ ஜெயித்த மாதிரி என்று, ஆமாம், அப்படித்தான் நினைத்தான். அங்கேதான் பிடித்தது சனி. எழுபத்து மூன்று: தாமிரபரணி ஆறு எந்த மாவட்டத்தில் கடலில் கலக்கிறது? ஏ திருநெல்வேலி, பி தூத்துக்குடி, சி கன்னியாகுமரி, டி ராமநாதபுரம். அவள் சட்டென்று "பி" என்றாள். அவனுக்குப் பக்கென்றது. ஐயோ, இதைத் தெரியாமல் இருக்கிறாளே என்று பரிதாபம்கூட வந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் நிலையத்து ஆட்களோடு உவரிக்குப் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வந்திருந்தான். உவரி திருநெல்வேலி மாவட்டம், போர்டிலேயே போட்டிருந்தது. தினமும் பாலத்தின் மேல் இருந்து பார்க்கிற ஆறு, திருநெல்வேலி ஆறு, திருநெல்வேலிக்குக் கடலும் இருக்கிறது, அப்புறம் என்ன? எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை அப்போது, ஐந்து மாதம். ஐந்து மாதத்தில் ஆற்றைக் கரைத்துக் குடித்துவிட்டான் மகராசன். வாய் "பி" என்று சொன்னது. கை ஏ வட்டத்தைக் கறுப்பாக்கியது. வாயும் கையும் ஒரே ஆளுடையதுதானா என்று அப்போது தோன்றவில்லை. பதினாலு வருஷமாகச் செய்த வேலையைக் கை செய்தது, அவ்வளவுதான், சிவப்புப் பேனாவுக்குப் பதில் கறுப்புப் பேனா. மேசையில் ஒரு தட்டு விழுந்தது. எழுபத்து நாலு.

பஸ் பாலத்தின் மேல் ஏறியது. வேறு வழி இருந்தால் அந்த வழியாகப் போயிருப்பான். ஆனால் பாலத்தைத் தாண்டாமல் பாளைக்கு எப்படிப் போவது? பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். தண்ணீர் பாதிதான் ஓடியது, மீதி மணலும் ஆகாயத்தாமரைச் செடியும். படித்துறையில் யாரோ துணி துவைத்தார்கள், அடிக்கிற சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது, கை ஓங்குவது மட்டும் தெரிந்தது. இது கிழக்கே போகிறது. திருவைகுண்டம் போய், ஏரல் போய், ஆத்தூர் போய், புன்னக்காயலில் கடலில் விழுகிறது. தூத்துக்குடி மாவட்டம். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். விடைகள் வெளியான அன்றைக்கு அவளுக்கு வாசித்துக் காட்டியதும் அவனேதான். படமாக எடுத்துப் போட்டிருந்ததால் அவளுடைய போன் அதை வாசிக்கவில்லை. அவள் எல்லா விடையையும் மனசிலேயே வைத்திருந்தாள், அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சரி, சரி, தப்பு, சரி என்று விரல் மடக்கினாள். எழுபத்து மூன்று வந்தது. பி, தூத்துக்குடி. கண்ணில் பட்டதை வாய் வாசித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. உலகம்மாள் சிரித்தாள். "இது எனக்குத் தெரியாமப் போவுமா அண்ணாச்சி? எங்க பெரியக்காவ முக்காணியிலதான் கட்டிக் குடுத்தது. சின்னப்புள்ளையில அத்தான் சைக்கிள்ல புன்னக்காயல் கூட்டிட்டுப் போவாக. ஆறு கடல்ல விழுத எடத்துல இடுப்பளவு தண்ணியில நின்னிருக்கேன். இந்தப் பக்கம் நக்கிப் பாத்தா சப்புன்னு இருக்கும், நாலு எட்டு வச்சா உப்பு." அவள் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. ஒரு மார்க்கில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எழுபத்து நாலை வாசித்தான்.

ஒரு மார்க்கில் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் சிக்னல். சொன்னால் என்ன ஆகும் என்று நேற்றிலிருந்து பார்த்த கணக்கையே திரும்பவும் பார்த்தான். சொன்னால் தேர்வு ஆபீஸ்காரர்கள் அவளையும் சேர்த்துத் தடை பண்ணிவிடலாம், எழுத வந்தவன் வேறு விடை போட்டான் என்றால் அவள் சொல்லித்தான் போட்டான் என்பார்கள், பாவம் அவளுக்கு ஏன் அந்த வம்பு, அவள் நல்லதுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று ஒரு நியாயம். அந்த நியாயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஓட்டை. ஞானதிரவியம் சார் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார் என்ற பயம் இன்னொன்று. போகச் சொன்னால் எங்கே போவது? வாலாஜாவில் யார் இருக்கிறார்கள்? இஸ்திரிக் கடைக்காரர் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இதெல்லாம் சின்னப் பயம். பெரிய பயம் வேறே ஒன்று இருந்தது, அது நேற்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போதுதான் முதல்முதலாக எழுந்து வந்து நின்றது. மனுவில் அவள் விடைத்தாளின் நகல் கேட்கப் போகிறாள். நகல் வரும். எழுபத்து மூன்றில் ஏ கறுப்பாக, சுத்தமாக, ஒரு கீறல்கூட வெளியே போகாமல் நிரப்பியிருக்கும். அதைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிடும். யாருக்குத் தெரிந்துவிடும்? அதுவும் படமாகத்தான் வரும். அதை அவளுக்கு வாசிக்கப் போவது யார்? அவளுடைய அண்ணன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். மதினி ஐந்தாம் வகுப்பு. எழுபத்து மூன்று பி என்று இவன் வாசித்துவிட்டால் பி. மிஷினில் கோளாறு என்றால் கோளாறு. அவள் இன்னொரு மனுச் சொல்வாள், இவன் எழுதுவான், அதற்குப் பதில் வரும், அதையும் இவன் வாசிப்பான். மாட்டிக்கொள்ளவே மாட்டான். சாகிற வரைக்கும் மாட்டிக்கொள்ளாமல் இப்படியே நல்லவனாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டே இருக்கலாம். அவன் பையின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பூக்காரப் பெண் திரும்பிப் பார்த்து, "மேலுக்குச் சரியில்லையா?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான். முருகன்குறிச்சியில் அவள் இறங்கிப் போனாள், பூவாசம் மட்டும் போகவில்லை.

மார்க்கெட்டில் இறங்கி, முருங்கைக்காய்க் கட்டுகளுக்கும் வாழையிலைக் குவியலுக்கும் நடுவே நடந்தான். கால் தானாகவே வழி கண்டுபிடித்தது, இந்த எட்டு மாதத்தில் எத்தனை தடவை. இந்த ஊரில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருகிற வீடு இது ஒன்றுதான். சொர்ணத்து மதினி கருப்பட்டிக் காப்பி கொடுப்பாள். உலகம்மாளுக்கு மதினி, அவனுக்கும் அப்படியே வாயில் வந்துவிட்டது. போன கார்த்திகைக்குக் கொழுக்கட்டை கொடுத்து அனுப்பினார்கள். முதல் தடவை உலகம்மாளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோது கையெழுத்துப் போடச் சொன்னான். அவள் சொன்னாள், "எனக்குக் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழுது அண்ணாச்சி, ஒருத்தரும் ஏத்துக்கிட மாட்டுக்காங்க. ரேகைதான்." இடதுகைப் பெருவிரலை நீட்டினாள். அவன் மையில் உருட்டி, தாளில் அந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து மெல்ல அமுக்கினான். எங்கே கொண்டுபோகிறான் என்று அந்த விரல் கேட்கவில்லை. பாரத்தை எல்லாம் அவன் கையில் போட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு மதினியிடம் உளுந்து நனைத்தாயிற்றா என்று பேசிக்கொண்டிருந்தாள். அந்த விரலின் கனத்தை அவன் ராத்திரி அறையில் தனியாகப் படுத்திருக்கும்போது நினைத்துப் பார்த்திருக்கிறான். வேறு எந்த நினைப்போடும் இல்லை, சத்தியமாக இல்லை, இந்த உலகத்தில் ஓர் ஆள் என்னை இவ்வளவு நம்புகிறதே என்று மட்டும். அதை இழக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம், சேவையாவது மண்ணாவது. ஆவணி பிறந்ததும் அண்ணன் குடும்பத்தைத் திருப்பூருக்கு மாற்றுகிறார். வேலை கிடைத்திருந்தால் உலகம்மாள் இங்கேயே தனியாக ஒரு வீடு பார்த்து இருந்திருப்பாள், எந்தத் தெருவில் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். கிடைக்காவிட்டால் விடுதி. பத்துக் கட்டில் போட்ட நீள அறை, எட்டு மணிக்கு விளக்கு அணைத்துவிடுவார்கள், "எனக்கு விளக்கு அணைச்சா என்ன அணைக்காட்டி என்ன, ஆனா எட்டு மணிக்கு ரேடியாவையும் அணைக்கச் சொல்லுவாக" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த தேர்வுக்கு அவளுக்கு வயசு தாண்டிவிடும். சந்து திரும்பியது. திரும்பாமல் இருந்திருக்கக் கூடாதா?

"அண்ணாச்சி வந்தாச்சா? செருப்புச் சத்தம் கேட்டுச்சு," என்றாள் உலகம்மாள். கூடத்தில் பாய் விரித்துச் சின்ன மேசையைப் போட்டு, துடைத்தும் வைத்திருந்தாள். பின்கட்டில் மதினி கிரைண்டர் போட்டிருந்தாள், அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காப்பி வந்தது. குடித்தான், சூடு தெரியவில்லை. "நான் ராத்திரி பூரா மனசுக்குள்ளயே எழுதி வச்சிட்டேன்," என்றாள், "நீங்க எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி." தாளை எடுத்தான், பேனாவைத் திறந்தான். பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. கை ஓடியது, எப்போதும் போல அழகாக ஓடியது. நான் பார்வை மாற்றுத்திறனாளி. நடந்து முடிந்த உதவியாளர் தேர்வில் இன்ன பதிவெண்ணில் எழுதினேன். வெளியிடப்பட்ட விடைகளின்படி எனக்கு நூற்று நாற்பத்தொன்று வந்திருக்க வேண்டும். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், முட்டியால் மேசையில் ஒரு தட்டு. அதே தட்டு. பிறகு, "அடுத்தது இப்பிடிப் போடுங்க," என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள், மேடையில் பேசப் போகிறவள் மாதிரி. "எனக்கு எழுத வந்தவர் நான் சொன்ன விடைகளை அப்படியே நிரப்பினார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவர் மிகவும் நேர்மையானவர். ஆகவே பிழை மிஷினில்தான் ஏற்பட்டிருக்க வேண்டும்." தட்டு.

பேனா நின்றது. எழுது என்றது ஒரு மனசு, அவள் சொன்னதை எழுதுவதுதானே உன் வேலை, நீ கை மட்டும்தானே, மூளை வாசலில் செருப்போடு கிடக்கிறது, இப்போது மட்டும் ஏன் உள்ளே வருகிறது? சொன்னபடி எழுதினால் பொய். உண்மையை எழுதினால் இரண்டாம் தடவையும் அவள் சொல்லாததை எழுதினவன் ஆவான். அட, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் மனுஷா, உலகம்மா நான்தான் என்று இரண்டு வார்த்தை, இரண்டே வார்த்தை. வாய் திறக்கவில்லை. வாய் எப்போதும் அவளிடம் நல்லதையே பேசிப் பழகிவிட்டது, அதை நம்பிப் பிரயோசனம் இல்லை. குற்றம் செய்த கையே எழுதட்டும் என்று விட்டுவிட்டான். எழுபத்து மூன்றாம் கேள்விக்கு நான் பி என்று சொன்னேன். எனக்கு எழுத வந்தவர் வாயால் பி என்று சொல்லிக்கொண்டே ஏ என்பதை நிரப்பினார். நான் சொன்னது தவறு என்று அவராகவே நினைத்துக்கொண்டார். விடைகள் வெளியான அன்றே அவருக்கு உண்மை தெரியும். சொல்லவில்லை. பிழை மிஷினில் இல்லை. எழுதி முடித்தபோது கை ஈரமாகித் தாளின் ஓரம் நெளிந்திருந்தது. "நான் சொன்னது நாலு வரி. இம்புட்டு நேரமா எழுதுதீங்க?" என்று உலகம்மாள் சிரித்தாள். "எங்க, வாசிங்க பாப்போம்."

வாசித்தான். முதல் வரிகள் நன்றாகத்தான் வந்தன. எழுபத்து மூன்று வந்தபோது குரல் தேய்ந்தது, ஆனாலும் வாசித்தான், ஒரு எழுத்தையும் விடவில்லை, பிழை மிஷினில் இல்லை என்பது வரைக்கும் வாசித்துவிட்டு நிறுத்தினான். உலகம்மாளின் முகம் அதே இடப்பக்கச் சாய்வில் அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பின்கட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆத்துக் கேள்விதான அது?" என்றாள்.

"ஆமா."

"நீங்க பி-ன்னு சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

"சொன்னேன்."

"நானும் தட்டினேன்."

அவனுக்கு அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழுவதற்குக்கூட ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றி விழுங்கிக்கொண்டான். "உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதான்…" என்று ஆரம்பித்தான். அவள் கையைத் தூக்கினாள், போதும் என்கிற மாதிரி. அவள் கோபப்பட்டு அவன் பார்த்ததே இல்லை, இப்போதும் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நாலு எட்டு வச்சா உப்பு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமினாள். "அதத் தள்ளி வைங்க. வேற தாள் எடுங்க. இப்ப நான் சொல்லுதத மட்டும் எழுதுங்க."

எடுத்தான். அவள் சொன்னாள், ராத்திரி யோசித்து வைத்தது இல்லை, ஆனாலும் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எழுபத்து மூன்றாம் கேள்விக்கு நான் பி என்று சொன்னேன். எழுத வந்தவர் வேறு நிரப்பினார். இதை இன்று அவர் வாயால் ஒப்புக்கொண்டார். என் விடைத்தாளைப் பார்த்து நியாயம் செய்ய வேண்டும். நியாயம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இனி எனக்கு எழுத இவர் வர வேண்டாம். மேசையில் தட்டு விழவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் தானாகவே நின்று, தானாகவே அடுத்ததுக்குப் போனான். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதினான். கேட்காமலே முழுவதையும் வாசித்தும் காட்டினான்.

"நான் சொன்னபடி இருக்கா?"

"அப்படியே இருக்குதுமா."

"அத நான் எப்பிடி நம்புதது?" என்றாள் உலகம்மாள். குத்திக் காட்டுகிற குரலில் இல்லை; நிஜமாகவே தெரியாமல் கேட்கிற குரலில் கேட்டாள். அவள் பின்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "மதினி! மாவு கெடக்கட்டும், கிரைண்டர அணைச்சிட்டு இங்க வாங்க."

சொர்ணத்து மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என்ன ஏது என்று விளங்காமல் இருவரையும் பார்த்தாள். "எனக்கு எங்கட்டி வாசிக்க வரும்? அண்ணாச்சியே வாசிக்கட்டும்," என்றாள். "நீங்க வாசிங்க. எம்புட்டு நேரமானாலும் சரி," என்றாள் உலகம்மாள். மதினி தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். விரலை எழுத்து எழுத்தாக வைத்து, எ… ழு… ப… எழுபத்து… என்று முக்கினாள். தணிகாசலத்துக்கு எடுத்துக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான். மூ… மூன்றா… மூன்றாம் கேள்… இனிப்புக் காப்பிக் கோப்பையில் ஈ வந்து உட்கார்ந்தது. நிரப்பினார் என்பதற்கு அவளுக்கு நாலு தடவை ஆனது. வெளியே காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்தது. பத்து வரியைக் கால் மணி நேரமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒவ்வொரு எழுத்தாக. இ… வ… இவர் வர… வேண்… டாம் என்று முடித்துவிட்டுத்தான் மதினிக்கு அது என்னவென்று உறைத்தது. தாளை இறக்கி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரியா இருக்கு," என்றாள் உலகம்மாள். இடதுகைப் பெருவிரலை நீட்டினாள். பழக்கத்தில் அவன் கை மைப்பெட்டியை எடுத்துத் திறந்து முன்னால் போய்விட்டது. விரல் அவன் பக்கம் இல்லை, மதினி பக்கம் நீண்டிருந்தது. பெட்டியை மேசையில் வைத்தான். மதினி அந்த விரலைப் பிடித்து மையில் உருட்டினாள், அதிகமாக உருட்டிவிட்டாள், மை நகக்கண் வரை ஏறியது. தாளுக்கு மேலே கொண்டுபோனவளுக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விரலைப் பிடித்தபடியே அவன் பக்கம் திரும்பி, "இங்கனயா, இல்ல கீழ இந்தப் பேருக்குப் பக்கத்துலயா?" என்றாள். அவன் சொல்ல வாயெடுத்தான்.

"அவர்ட்ட கேக்காதீங்க மதினி," என்றாள் உலகம்மாள். "உங்களுக்குத் தோணுத எடத்துல வைங்க."